வீட்டு முகவரியும் வாக்குச் சீட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நகரமும் இனமும்’ என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். தமிழ் கற்பிக்கும் ஒருத்தி அயல்நாட்டு மாநகரத் தேர்தல்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். அழைப்பு வந்தபோது எனக்கும் அது எழுந்தது. ஆயினும் ஒரு வகுப்பறை நிகழ்ச்சி என்னை ஒப்புக்கொள்ளச் செய்தது.

திருக்குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்னும் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ‘இனம்’ என்னும் சொல் அங்கே பிறப்பால் வந்து சேரும் கூட்டத்தைக் குறிக்கவில்லை. ஒருவர் தாமே தேர்ந்து சேரும் கூட்டத்தைக் குறிக்கிறது என்று விளக்கினேன். ஒரு மாணவி எழுந்து, “அம்மா, வள்ளுவர் சொல்வது சரிதான். ஆனால் ஓட்டுப் போடும்போது மட்டும் இனம் இனத்தோடுதானே சேர்கிறது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. மணியும் அடித்துவிட்டது. நான் விடை கூறாமலே வகுப்பை விட்டு வந்தேன். அவளுக்கு அன்று கூறாத விடையை இன்று உங்கள் முன் கூற முயல்கிறேன்.

அதற்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் நகரம் சிகாகோ. சிகாகோ என்றதும் நமக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, 1893ஆம் ஆண்டில் விவேகானந்தர் ஆற்றிய உரை. அவரை அங்கு அனுப்பிவைப்பதில் சென்னை அன்பர்கள் முன்நின்றனர் என்பது நமக்குப் பெருமை. மற்றொன்று, 1886ஆம் ஆண்டின் தொழிலாளர் போராட்டம். அதன் நினைவாக எழுந்த மே நாளை 1923இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடினார். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. அது 1983ஆம் ஆண்டின் மேயர் தேர்தல்.

நகரில் விழுந்த கோடுகள்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைத்தளை நீங்கிய பின்னும் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையும் வாழ்வுரிமையும் மறுக்கப்பட்டன. ஆகவே அவர்கள் இரயிலேறி வடபுல நகரங்களை நோக்கி வந்தனர். 1910இல் சிகாகோவில் வாழ்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 44,000 பேர். நகர மக்கள்தொகையில் நூற்றுக்கு இருவர். 1930இல் அவர்கள் 2,30,000க்கும் மேற்பட்டனர். 1970இல் பதினொரு இலட்சமாகி, நகரில் மூன்றில் ஒரு பங்கினர் ஆயினர்.

வந்தவர்கள் எங்கே குடியேறினர்? நகரின் தென்புறத்தில் நீண்டு குறுகிய ஒரு பகுதியில் மட்டுமே. அதற்கு வெளியே வீடு கிடைக்கவில்லை. 1919இல் மிச்சிகன் ஏரியில் குளித்துக்கொண்டிருந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன், வெள்ளையர் தமக்குரியதெனக் கொண்ட நீர்ப்பகுதிக்குள் மிதந்து சென்றுவிட்டான். கரையிலிருந்து கல்லெறிந்தனர், சிறுவன் மூழ்கி இறந்தான். அதனால் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். தண்ணீரிலும் கோடு கிழித்திருந்தார்கள் என்றால் தரையில் எப்படிக் கிழித்திருப்பார்கள் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. ‘இவ்வீட்டைக் கறுப்பினத்தார்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது’ என்னும் நிபந்தனை வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான்.

இலக்கிய அவையில் இதற்கோர் இலக்கியச் சான்று கூறுவது பொருந்தும். லொரைன் ஹான்ஸ்பெரி என்னும் கறுப்பின எழுத்தாளர் சிகாகோவில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது, 1937இல், அவருடைய தந்தையார் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. ஒரு கல் சிறுமியின் தலையை மயிரிழையில் தவறிச் சென்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1940இல் குடும்பத்திற்குச் சார்பாக முடிந்தது. இந்த அனுபவத்தின் விளைச்சலே 1959இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கேறிய அவருடைய நாடகம். ‘வெயிலில் ஓர் உலர்திராட்சை’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஒரு கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறது. அப்பகுதியினர் சார்பில் ஒருவர் மிகவும் மரியாதையாக வந்து, “நீங்கள் வராமலிருந்தால் கூடுதலாகப் பணம் தருகிறோம்” என்கிறார். அவர் குரலை உயர்த்துவதில்லை. இழிசொல் எதுவும் கூறுவதில்லை. நாடகத்தை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் மாணவரின் கவனத்தை நான் இவ்விடத்தில் நிறுத்துவேன். வெறுப்பு எப்போதும் கல்லோடு வருவதில்லை; சில வேளைகளில் கணக்கேட்டோடு வருகிறது.

வீட்டிலிருந்து வார்டுக்கு

வீடு எங்கே என்பதற்கும் வாக்கு எவருக்கு என்பதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு வார்டில் இருக்கிறது. சிகாகோ மாநகர் 50 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மாமன்ற உறுப்பினர். இனம் வாரியாக மக்களைத் தனித்தனியே குடியமர்த்திவிட்டால், வார்டும் இனம் வாரியாகவே அமையும். ஐரிஷ் வார்டு, போலந்து வார்டு, இத்தாலிய வார்டு, கறுப்பின வார்டு என்று மக்கள் வழங்கினர். இந்த வார்டுகளை ஒன்றாகக் கோத்து நகரை ஆண்டது ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் அமைப்பு. அதனை அந்நகரத்தார் ‘இயந்திரம்’ என்றே அழைத்தனர். தெருவுக்கொரு பொறுப்பாளர், அவர் வாக்குகளைத் திரட்டித் தருவார், கைம்மாறாக அவருக்கோ அவர் கைகாட்டுவோருக்கோ மாநகராட்சியில் வேலை கிடைக்கும். 1955 முதல் 1976இல் இறக்கும் வரை மேயராக இருந்த ரிச்சர்டு ஜே. டேலி இவ்வியந்திரத்தை இயக்குவதில் நிகரற்றவர்.

கறுப்பின வார்டுகளும் அவ்வியந்திரத்தின் பற்சக்கரங்களாகவே இருந்தன. வாக்குகளை அள்ளிக் கொடுத்தன. திரும்பக் கிடைத்தவை சில வேலைகளும் சில பதவிகளுமே. 1962இல் தென்புறத்தில் 16 மாடிகளைக் கொண்ட 28 கட்டடங்கள் வரிசையாக எழும்பின. ஏழை மக்களுக்கு வீடு கிடைத்தது உண்மை. ஆனால் பழைய கோட்டிற்குள்ளேயே கிடைத்தது. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டுரிமை கேட்டு இந்நகருக்கு வந்தபோது, மார்க்கெட் பூங்காப் பகுதியில் அவர்மீதும் கல் விழுந்தது.

1979 சனவரியில் பெரும் பனிப்பொழிவு. நகர இரயில்களை விரைவுபடுத்துவதாகக் கூறி, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்கள் சிலவற்றில் இரயில் நில்லாதபடி செய்தனர். பனியில் நின்றவர்கள் தம்மைக் கடந்து செல்லும் இரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றனர். அடுத்த மாதமே கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில், பதவியிலிருந்த மேயரைத் தோற்கடித்து ஜேன் பர்ன் என்னும் பெண்மணி வென்றார். அவ்வெற்றியில் கறுப்பின வார்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் பதவியேற்ற பின் அவரும் அவர்களை மறந்தார் என்னும் மனக்குறை வளர்ந்தது.

1983

இந்நிலையில்தான் ஹெரால்டு வாஷிங்டன் களத்துக்கு வருகிறார். வழக்கறிஞர், அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய தந்தையாரே இயந்திரத்தின் தெருப் பொறுப்பாளராக இருந்தவர். போட்டியிடுமாறு வேண்டியவர்களிடம், “முதலில் 50,000 புதிய வாக்காளர்களைப் பட்டியலில் சேர்த்துக் காட்டுங்கள்” என்றார் அவர். ஓராண்டுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். மாதா கோயில்களிலும் நலத்திட்ட அலுவலக வாயில்களிலும் நின்று பெயர் எழுதியவர்கள் பெரும்பாலும் சாதாரண மக்கள்.

1983 பிப்ரவரியில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் மும்முனைப் போட்டி. ஜேன் பர்ன், முன்னாள் மேயர் டேலியின் மகன், வாஷிங்டன். வெள்ளையர் வாக்குகள் இருவருக்கிடையே பிரிந்தன. வாஷிங்டன் நூற்றுக்கு ஏறத்தாழ 36 வாக்குகள் பெற்று வென்றார்.

சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் என்றாலே மேயர் என்று பொருள். குடியரசுக் கட்சியின் கடைசி மேயர் பதவி நீங்கியது 1931இல். 1979இல் அக்கட்சி பெற்றது நூற்றுக்கு 16 வாக்குகள் மட்டுமே. ஆனால் இம்முறை ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் கறுப்பினத்தவர். உடனே நிகழ்ந்தது என்ன? வாழ்நாள் முழுவதும் அக்கட்சிக்கே வாக்களித்துவந்த வெள்ளையர் இலட்சக்கணக்கில் குடியரசுக் கட்சியின் பெர்னார்டு எப்டன் பக்கம் திரும்பினர். அவர் சட்டமன்றத்தில் மிதவாதியாக அறியப்பட்டவரே. ஆயினும் ‘காலம் கடந்துவிடுமுன்’ என்னும் முழக்கத்தோடு அவருடைய விளம்பரங்கள் வந்தன. எதற்குக் காலம் கடந்துவிடும் என்று எவரும் விளக்கவில்லை. விளக்கமின்றியே எல்லாருக்கும் விளங்கியது. குருத்தோலை ஞாயிறன்று வடமேற்குப் பகுதியில் ஒரு மாதா கோயிலுக்கு வழிபடச் சென்ற வாஷிங்டனைக் கூட்டம் கூடி வசைபாடித் திருப்பியனுப்பியது.

இவ்விடத்தில் நடுநிலை தவறாமல் ஒன்றைக் கூறவேண்டும். வாஷிங்டன் குறையற்றவர் அல்லர். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாமைக்காக 1972இல் சிறை சென்றவர். அவரை எதிர்த்து வாக்களித்த ஒவ்வொருவரையும் இனவெறியர் என்று கூறுவது அறமாகாது. ஆனால் 16 என்னும் எண் நான்கே ஆண்டுகளில் 48 ஆக உயர்ந்ததை வருமான வரியைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியுமா என்பதே வினா. நல்ல காரணம் ஒன்று கிடைக்கும்போது, சொல்லக் கூசும் காரணம் அதன் பின்னால் மறைந்துகொள்கிறது. மனித மனத்தின் இவ்வியல்பை அறிந்துகொள்ள நாம் சிகாகோ வரை செல்லவேண்டியதில்லை.

ஏப்ரல் 12ஆம் நாள் வாக்குப்பதிவு. பட்டியலில் இருந்தோருள் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். வாஷிங்டன் 6,68,176, எப்டன் 6,19,926. வேறுபாடு 48,250. கறுப்பின மக்கள் ஏறத்தாழ முழுமையாக அவருக்கு வாக்களித்தனர். வெள்ளையருள் அவருக்கு வாக்களித்தவர் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவினரே. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ வழிவந்த மக்களுள் பெரும்பகுதியினர் அவர் பக்கம் நின்றனர்.

இப்போது என் மாணவியின் வினாவை மீண்டும் எண்ணிப் பாருங்கள். இனம் இனத்தோடு சேர்ந்தது உண்மைதான். ஆனால் அது மட்டுமே நடந்திருந்தால் வாஷிங்டன் தோற்றிருப்பார். நகரில் கறுப்பின மக்கள் ஐந்தில் இருவரே. அந்தச் சிறுபகுதி வெள்ளையரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் வந்து சேர்ந்ததால்தான் வெற்றி கிட்டியது. வள்ளுவர் கூறும் ‘இனம்’, அதாவது தேர்ந்து சேரும் கூட்டம், அந்த 48,250 வாக்குகளுக்குள் இருக்கிறது.

கோட்டை மாற்றிய தீர்ப்பு

வென்றவர் ஆள முடிந்ததா? இல்லை. மாமன்றத்தின் 50 உறுப்பினருள் 29 பேர் எதிரணியாகத் திரண்டனர். அவர் பக்கம் 21 பேர். குழுக்களின் தலைமையெல்லாம் எதிரணி கைப்பற்றியது. அவருடைய நியமனங்கள் முடங்கின. அவர் எதிரணியின் தீர்மானங்களைத் தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அம்மறுப்பை மீற 34 வாக்குகள் வேண்டும். எதிரணியிடம் அவை இல்லை. இவ்வாறு மூன்றாண்டுகள் நகரம் இழுபறியில் கிடந்தது. செய்தித்தாள்கள் இதனை ‘மாமன்றப் போர்’ என்றே எழுதின.

இம்முடிச்சை அவிழ்த்தது மேடைப்பேச்சு அன்று, வரைபடம். 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்குப் பின் வரையப்பட்ட வார்டு எல்லைகள், கறுப்பின மக்களின் வாக்கு வலிமையையும் இலத்தீன் அமெரிக்க வழியினரின் வாக்கு வலிமையையும் குறைக்கும் வகையில் அமைந்தன என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றத் தலையீட்டால் எல்லைகள் திருத்தப்பட்டன. 1986இல் ஏழு வார்டுகளில் மட்டும் சிறப்புத் தேர்தல் நடந்தது. அதன் முடிவில் இரு பக்கமும் 25 பேர் ஆயினர். சமநிலை ஏற்பட்டால் முடிவு செய்யும் வாக்கு மேயருடையது. ஆட்சி நகரத் தொடங்கியது.

மக்களின் மனம் ஓராண்டில் மாறிவிட்டது என்பதன்று இதன் பொருள். காகிதத்தில் சில கோடுகள் மாறின, அவ்வளவே. இந்தப் பாடம் எனக்கு மிகவும் இன்றியமையாததாகத் தோன்றுகிறது. இன உணர்வு இரத்தத்தில் ஊறியது, அதை எவராலும் மாற்ற முடியாது என்று நாம் கைவிரித்துவிடுகிறோம். உண்மையில் நகர வாக்குகளில் நாம் காணும் இனம் பெரிதும் முகவரியால் ஆக்கப்பட்டது. பத்திரத்தில் எழுதிய நிபந்தனை, அரசு எழுப்பிய கட்டடம், நில்லாது சென்ற இரயில், வளைத்து வரைந்த எல்லை ஆகிய ஒவ்வொன்றும் மனிதர் கையொப்பமிட்டுச் செய்தவை. கையொப்பமிட்டுச் செய்தவற்றை அவ்வாறே திருத்தவும் இயலும்.

ஒருவரையே நம்பிய கூட்டணி

1987இல் வாஷிங்டன் மீண்டும் வென்றார். அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் தம் அலுவலக மேசையிலேயே மாரடைப்பால் சாய்ந்து உயிர் நீத்தார். அவர் திரட்டிய கூட்டம் ஒரு வாரத்தில் பிளந்தது. டிசம்பர் 1 இரவு தொடங்கி விடிகாலை வரை நீண்ட மாமன்றக் கூட்டத்தில், பழைய எதிரணியினரும் கறுப்பின உறுப்பினர் சிலரும் சேர்ந்து யூஜின் சாயரை இடைக்கால மேயராக்கினர். அவரும் கறுப்பினத்தவரே. வாஷிங்டனின் வழித்தோன்றலாக மக்கள் பலர் கருதியது திமொத்தி எவன்ஸ் என்பவரை. நிறம் ஒன்றாக இருந்தும் இருவர் அணியும் சேரவில்லை. 1989இல் டேலியின் மகன் மேயரானார். 2011 வரை 22 ஆண்டுகள் ஆண்டார். நிறம் ஒன்றாக இருப்பதனாலேயே ஒற்றுமை வந்துவிடாது என்பதற்கும், ஒருவரது ஆற்றலை மட்டுமே நம்பிய கூட்டணி அவரோடு முடியும் என்பதற்கும் இதனைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் கூறுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரில் கறுப்பின மக்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத காலத்தில், 1973இல் டாம் பிராட்லி என்னும் கறுப்பினத்தவர் மேயரானார். 1969இல் தோற்றவர்; இனப் பூசலைத் தூண்டிய பரப்புரைக்கு இரையானவர். ஆயினும் யூதர்களோடும் பிற வெள்ளையரோடும் அவர் நெடுங்காலம் பொறுமையாகக் கட்டியிருந்த உறவு நிலைத்தது. 1993 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆண்டார்.

சிகாகோவின் பிற்காலக் கதையும் எளிதாக ஒரு வரியில் அடங்குவதன்று. 1995இல் சட்டம் திருத்தப்பட்டு, மேயர் தேர்தலில் கட்சிப் பெயர் நீக்கப்பட்டது. எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில் முதலிருவரிடையே மறுதேர்தல் என்றாயிற்று. 2019இல் அம்மறுதேர்தலில் நின்ற இருவருமே கறுப்பினப் பெண்கள். வென்ற லோரி லைட்ஃபுட் 50 வார்டுகளிலும் முன்னணி பெற்றார். 1983இல் ஒரு கோயில் வாயிலில் கறுப்பினத்தவர் ஒருவரைத் திருப்பியனுப்பிய நகரம் அது. ஆனால் 2023இல் கறுப்பினத்தவரான பிராண்டன் ஜான்சனும் வெள்ளையரான பால் வாலஸும் மோதியபோது, வார்டு வரைபடத்தில் பழைய கோடுகள் பல மீண்டும் தெரிந்தன. ஆயினும் வடபுற ஏரிக்கரையில் வாழும் வெள்ளையர் பலர் ஜான்சனுக்கு வாக்களித்தனர். அவர் நூற்றுக்கு 52 அளவில் வென்றார். கோடுகள் அழியவில்லை. அவற்றைத் தாண்டுவோர் தொகை கூடியிருக்கிறது.

நிறைவாக

நான் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் நெஞ்சில் நம் ஊர்த் தெருக்கள் தோன்றியிருக்கலாம். அமெரிக்காவின் நிறமும் நம் நாட்டின் சாதியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது ஆய்வு நெறியாகாது. ஆனால் எந்தத் தெருவில் எவருக்கு வீடு கிடைக்காது என்று ஓர் ஊர் முடிவு செய்யுமானால், அவ்வூரின் வாக்குப் பெட்டி அம்முடிவை நினைவில் வைத்திருக்கும் என்பது இரு நாட்டிற்கும் பொதுவான உண்மை.

என் மாணவிக்கு இனி நான் கூறும் விடை இது. அம்மா, இனம் இனத்தோடு சேர்வது போல் தோன்றுவதன் பின்னால், சேரவிடாமல் பிரித்து வைத்த கைகள் பல உள்ளன. அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொள். வாக்குச்சாவடிக்குள் செல்லும்போது நீ எந்தக் கூட்டத்தில் பிறந்தாய் என்பதை எவரும் உனக்கு நினைவூட்டவேண்டியதில்லை. அது தானே நினைவுக்கு வரும். எந்தக் கூட்டத்தில் சேர விரும்புகிறாய் என்பதை மட்டும் நீயே உன்னிடம் கேட்டுக்கொள். வள்ளுவர் ‘இனம்’ என்று ஆண்டது அதனைத்தான்.